பினாங்கில் ரேட் பேசப் போன வாரம்

எங்கள் சுற்றுலா நிறுவனத்துக்காகப் பினாங்கு ஹோட்டல்காரர், பஸ்காரர், சாப்பாட்டுக் கடைக்காரர்களோடு ரேட் பேசிவிட்டுக் கோலாலம்பூர் திரும்பியும் உடம்பு வலி விடவில்லை. குறிப்பேட்டில் கிறுக்கி வைத்ததைத் தேதிவாரியாக இங்கே போடுகிறேன். சுற்றுலாத் துறை படிக்கும் தம்பி தங்கைகள் கண்ணில் பட்டால் சந்தோஷம்.

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய். பட்டர்வொர்த், ஜார்ஜ்டவுன்

பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஃபெரிக்கு 2 வெள்ளி (ரிங்கிட்டை இங்கே அப்படித்தான் சொல்வோம்). 2023 ஆகஸ்டில் வந்த புதிய படகுகள் இவை. ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டும்தான் ஏறலாம். பக்கத்தில் இருந்த மலாய் அம்மா ஒருவர் என் பை நனைவதைப் பார்த்துவிட்டு, தன் காய்கறிக் கூடையைக் காலுக்கடியில் தள்ளி இடம் கொடுத்தார். கரை வரும்வரை, மகள் பிறையில் வேலை செய்வதையும் மருமகன் நல்லவன் என்பதையும் சொல்லிக்கொண்டே வந்தார்.

அக்கரையில் லெபோ பந்தாய் தெரு முழுக்கத் தண்ணீர். நடுவழியில் என் செருப்பின் அடிப்பாகம் பிய்ந்து வந்துவிட்டது. அஞ்சடியில், அதாவது கடைகளின் முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதையில், ஒதுங்கி நின்றேன். கடைக்குள் இருந்த சீனப் பெரியவர் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைத் தள்ளிவிட்டு, உள்ளே போய் சிவப்பு ராஃபியா கயிறு ஒரு முழம் வெட்டிக்கொண்டு வந்தார். செருப்பைச் சுற்றி இரண்டு சுற்று, குறுக்கே ஒரு முடிச்சு. கயிற்றின் நுனியை லைட்டரால் சுட்டுப் பிரியாமல் செய்தார். காசு என்று வாயெடுத்தேன், கையை ஆட்டி அனுப்பிவிட்டார். அந்த முடிச்சு லிட்டில் இந்தியாவரை தாங்கியது. அங்கே 15 வெள்ளிக்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டுக்கொண்டு ஹோட்டலுக்குப் போனேன்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய சுற்றுலா நிறுவனம். தமிழ்நாட்டில் இருந்து வரும் குழுக்களுக்கு இங்கே ஹோட்டல், பஸ், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் ஏற்பாடு செய்கிறோம். அந்த ஹோட்டல்காரர், பஸ்காரர், சமையல்காரர் எல்லோரோடும் ரேட் பேசி, ஒப்பந்தம் போட்டு, வருடம் முழுக்க அந்த உறவு கெடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. சிந்தோக்கில் சுற்றுலா மேலாண்மை படித்தபோது விமானத்தில் வேலை, ஹோட்டல் வரவேற்பு, வழிகாட்டி உரிமம் என்றுதான் பேசிக்கொள்வோம். இப்படி ஒரு மேசை இருப்பது ஆபீசில் சேர்ந்து வவுச்சர் சரிபார்க்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. எந்த ஹோட்டல் எந்த பில்லில் என்ன சேர்க்கிறது, எந்த பஸ்காரர் சொன்ன நேரத்துக்கு வருகிறார் என்பதெல்லாம் அந்தக் காகிதங்களிலேயே கற்றுக்கொண்டது. இப்போது வேறு வேலை கொடுத்தாலும் போகமாட்டேன்.

பினாங்கு ஒப்பந்தங்களை இந்த வருடம் அடியில் இருந்து எழுதவேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் குழுக்கள் கோலாலம்பூரில் இறங்கும். பினாங்கு நடுவில் இரண்டு ராத்திரி. 2023 டிசம்பரில் இந்தியர்களுக்கு விசா தேவையில்லை என்றார்கள். 2024 டிசம்பரில் இண்டிகோ சென்னையில் இருந்து நேராகப் பினாங்குக்குப் பறக்க ஆரம்பித்தது. அடுத்த வருடம் அரசின் 'மலேசியாவுக்கு வருகை தரும் ஆண்டு 2026' சுற்றுலாப் பிரசாரம். ஆக, இனி பாதிப் பேருக்குப் பினாங்குதான் வாசல்.

சாயங்காலம் பார்த்த ஹோட்டலின் விற்பனை மேலாளர் புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்கார அக்கா. எனக்கு அலாட்மென்ட் 15 அறை வேண்டும். அதாவது எங்கள் பெயரில் 15 அறைகளை ஒதுக்கி வைத்திருப்பார்கள். குறிப்பிட்ட நாளுக்கு முன் நாங்கள் பெயர்ப்பட்டியல் கொடுக்காவிட்டால் அறைகள் அவர்களுக்கே திரும்பிப் போய்விடும். அந்த நாளுக்கு ரிலீஸ் என்று பெயர். குழு வருவதற்கு 30 நாள் முன் என்றார் அக்கா, நான் 14 என்றேன், 21இல் நின்றது. 15 பேருக்கு ஒருவர் இலவசம் என்பதில் சண்டை இல்லை.

சிக்கல் வேறு இடத்தில். இரவு விமானம் ஏறிக் காலையில் வந்திறங்கும் குழுவுக்கு அறை எப்போது கிடைக்கும்? ஹோட்டல் கணக்கில் பிற்பகல் 3 மணி. தூக்கம் கெட்டு வரும் பாட்டியை அதுவரை எங்கே உட்கார வைப்பது?

"பாப்பா, காசுக்காகச் சொல்லல. முத நாளு ஆளுங்க 12 மணிக்குத்தான் கிளம்புறாங்க. ரூம் கழுவுற பொண்ணுங்க எட்டுப் பேருதான் இருக்காங்க. அதுக்கு மேல நான் அவங்கள விரட்ட முடியாது லா."

நியாயம்தான். குளிக்க நான்கு அறை முன்கூட்டியே, சாமான் வைக்க ஒரு கூடம், காலைச் சாப்பாடு ஆளுக்கு 22 வெள்ளி என்று முடித்தோம். வரிகளைத் தனித்தனியாக எழுதி வாங்கினேன். அறைக்கான சேவை வரி 2024 மார்ச்சில் இருந்து 8 விழுக்காடு. வெளிநாட்டுப் பயணிக்குச் சுற்றுலா வரி அறைக்கு ஒரு இரவு 10 வெள்ளி, இது 2017இல் வந்தது. அதற்கும் மேல் பினாங்கு மாநிலக் கட்டணம், நட்சத்திரத்தைப் பொறுத்து 2 அல்லது 3 வெள்ளி. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால், ராத்திரி வரவேற்பு மேசையில் 'எல்லாம் சேர்த்துக் கட்டியாச்சே' என்று ஒரு குடும்பமே நின்று சண்டை போடும். பார்த்திருக்கிறேன்.

ராத்திரி நாசி கண்டார். கோழி, வெண்டைக்காய், முட்டை, மேலே எல்லாக் குழம்பும் கலந்து ஊற்றச் சொன்னேன். இழுத்து ஆற்றிய தே தாரேக் டீயோடு 14.50 வெள்ளி. தட்டை நீட்டிய அண்ணன் என் ஈரத் தலையைப் பார்த்து, கேட்காமலே இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தார்.

ஆகஸ்ட் 13, புதன். பத்து ஃபிரிங்கி, பிறை

காலையில் 101 பஸ்ஸில் பத்து ஃபிரிங்கி. கடலோரச் சாலை வளைந்து வளைந்து போகும். வயிற்றில் ஒன்றுமில்லாமல் போகக்கூடாது. இறங்கியதும் ஒட்டுக்கடையில் ரொட்டி சானாய் இரண்டு தின்று பசியாறினேன்.

கடற்கரை ஹோட்டல் மேலாளர் பத்து நிமிடத்தில் பேச்சை முடித்துவிட்டார். நல்ல ரேட், ஆனால் முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும். கடன் கிடையாது. ஏன் என்று கேட்டேன். "2019 செப்டம்பர் 23" என்றார். தாமஸ் குக் திவாலான நாள். 1841இல் தொடங்கிய பிரிட்டிஷ் சுற்றுலா நிறுவனம். ஒரே காலையில் 6 லட்சம் பயணிகள் நடுவழியில் நின்றார்கள். செய்தியில் எல்லோரும் பயணிகளைத்தான் காட்டினார்கள். கோடைக்காலம் முழுக்க அறை கொடுத்துவிட்டுப் பில்லுக்குக் காத்திருந்த ஹோட்டல்காரர்கள் பல நாடுகளில் கையைப் பிசைந்துகொண்டு நின்றது அவ்வளவாக வெளியே வரவில்லை. (இந்தியாவில் அதே பெயரில் இருக்கும் கம்பெனி 2012இலேயே கைமாறிவிட்டது, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. ஊரில் பலர் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.) பெரிய பெயரை நம்பிக் கடன் கொடுக்கக்கூடாது என்று ஒரு தலைமுறை ஹோட்டல்காரர்கள் அன்று கற்றுக்கொண்டார்கள். எங்களைப் போன்ற சின்ன நிறுவனம் அவர்கள் முன்னால் கடன் கேட்டு நிற்கும்போது, முதலில் அந்த நினைவைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டும். எங்களுக்கு அவ்வளவு முன்பணம் புரட்ட முடியாது. கைகொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

மத்தியானம் மறுபடியும் ஃபெரி, பெருநிலம், பிறை வட்டாரம். இரண்டு பஸ் கொட்டகைகள். வெயில் கொளுத்தியது, நேற்று பெய்த மழையின் சுவடே இல்லை.

முதல் கொட்டகையில் 44 இருக்கைப் பஸ்ஸுக்கு நாளைக்கு 1,100 வெள்ளி என்றார்கள். மற்ற இடத்தில் 1,450 கேட்கிறார்கள். 2024 ஜூன் 10ஆம் தேதி டீசல் 2.15இல் இருந்து 3.35க்கு ஒரே இரவில் ஏறிய பிறகு 1,100க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று எனக்குத் தெரியவேண்டும். ஆதலால் பஸ்ஸுக்குள் ஏறினேன்.

இந்த ஜூலை 1ஆம் தேதி முதல் சுற்றுலாப் பேருந்துகளில் இருக்கைப் பட்டை கட்டவேண்டும். நான் முன்வரிசையில் இருந்து ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். முதல் நான்கு வரிசை சரி. ஐந்தாவதில் கொக்கி இருக்கிறது, பூட்டு மெத்தைக்கடியில் புதைந்து கிடக்கிறது. விரலை விட்டுத் துழாவினால் நிலக்கடலைத் தோலும் ஒரு குழந்தையின் காலுறையும் வந்தன. பூட்டு வரவில்லை. கடைசி வரிசையில் பட்டையே இல்லை, அறுத்த இடத்தில் நூல் தொங்கியது.

கீழே இறங்கிச் சாமான் அறையைத் திறக்கச் சொன்னேன். உள்ளே ஒருவர் படுத்திருந்தார். பாய், தலையணை, பேட்டரியில் ஓடும் கைவிசிறி. டிரைவர்தான். சுங்கை பட்டாணிக்காரர். வெளிச்சம் பட்டதும் எழுந்து சட்டையைத் தேடினார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே, தூங்குறீங்கன்னு தெரியல."

"பரவால்ல தங்கச்சி. ராத்திரி ஜொகூர்ல இருந்து ஓட்டிட்டு வந்தேன். அஞ்சு மணிக்கு மறுபடி கேமரன் மலை ஏறணும்."

மணி அப்போது இரண்டு. 1,100க்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. அந்த 350 வெள்ளியை அவர் தன் தூக்கத்தில் இருந்து எடுத்துக் கொடுக்கிறார்.

ஆபீசுக்குள் போய் அனுமதிப் பத்திரம் கேட்டேன். அதில் வேறொரு கம்பெனியின் பெயர். "நம்ம ஆளுதான்" என்றார்கள். ஜூன் 9ஆம் தேதி கெரிக் அருகே கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்துபோனார்கள். ஊருக்குப் போய்விட்டுப் படிப்புக்குத் திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். அந்த பஸ்ஸின் உரிமம் ஒரு கம்பெனியிடம், பஸ்ஸை நடத்தியது வேறொரு கம்பெனி என்று போக்குவரத்து அமைச்சே சொன்னது. அதற்குப் பிறகும் 'நம்ம ஆளுதான்' என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறதே. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கை நடுங்கியது.

இரண்டாவது கொட்டகை ஒரு தமிழ்ப் பெரியவருடையது. சொந்தமாக ஐந்து பஸ். அவரே தகரக் கொட்டகைக்கடியில் உட்கார்ந்து காற்றழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்பதற்கு முன்னாலேயே கோப்பை எடுத்து வைத்தார்: பத்திரம் அவர் பெயரில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை செய்த ரசீதுகள், டிரைவர்களின் உரிம நகல்கள்.

"1,450ல ஒரு வெள்ளி குறைக்க மாட்டேன் பாப்பா. வேற எதாச்சும் கேளு, செய்றேன்."

"குறைக்க வேணாம் மாமா. டிரைவருக்கு ராத்திரி ரூம் யாரு குடுக்கிறது?"

கொஞ்சம் நேரம் என்னைப் பார்த்தார். "நீங்க குடுத்தா நல்லது. பாதி ஏஜென்ட் குடுக்கிறதில்ல. நான்தான் எங்கயாச்சும் 60 வெள்ளிக்குப் பாத்துக் குடுக்கிறேன்."

குழு தங்கும் ஹோட்டலிலேயே டிரைவருக்கு ஒரு அறை, எங்கள் செலவு என்று ஒப்புக்கொண்டேன். பதிலுக்கு அவர், ராத்திரி 10 மணிக்கு மேல் ஓடிய டிரைவரை மறுநாள் காலை 8க்கு முன் எடுக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ஒரு வரிக்காகவே இந்தப் பயணம் தகும். அவர் மனைவி பச்சைப்பயறுக் கஞ்சி கொண்டுவந்து வைத்தார். வியர்வை வழிய வழிய இரண்டு கிண்ணம் குடித்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன். லிட்டில் இந்தியா

வழிகாட்டியோடு காலை நடை. தமிழ் பேசும் உரிமம் பெற்ற வழிகாட்டிகள் பினாங்கில் அதிகம் இல்லை, அவர்களை அக்டோபருக்கும் டிசம்பருக்கும் இப்போதே பிடித்து வைக்கவேண்டும். இவர் 1801இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலில் ஆரம்பித்து, நாகூர் தர்கா வழியாக, லெபோ குயினில் 1833இல் கட்டிய மகாமாரியம்மன் கோயிலில் முடித்தார். நம் ஆட்கள் வந்து இறங்கி, கடை போட்டு, கும்பிட இடம் கட்டி நிலைத்த வரலாறு முழுக்க ஒரு மணி நேர நடைக்குள் அடங்கிவிடுகிறது. மதுரையில் இருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டால் ஷாப்பிங் மாலைக் கேட்கமாட்டார்கள்.

சாப்பாட்டுக் கடை அக்காவோடு பேசியதுதான் நாளின் பெரிய வேலை. குழுவுக்கு வாழை இலைச் சாப்பாடு ஆளுக்கு 28 வெள்ளி என்றார். நான் 25 என்று ஆரம்பித்தேன். அவர் கோபப்படவில்லை. கல்லாப்பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்து விரித்தார். கோழிக்கான அரசு மானியம் 2023 நவம்பர் 1இல் நின்றது. முட்டைக்கு இந்த ஆகஸ்ட் 1இல் நின்றது. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைகளுக்கும் அதே ஆகஸ்ட் 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700. அவரிடம் நான்கு பேர். 1,500இல் இருந்து ஆளுக்கு 200 கூடினால் மாதம் 800 வெள்ளி.

"அவங்களுக்கு ஏத்திக் குடுக்கறதுல எனக்குச் சந்தோஷம்தான். அதுல ஒருத்தி பிள்ளைய இப்பதான் ஃபார்ம் ஒன்னு சேத்திருக்கா. ஆனா அந்த 800 எங்கிருந்தாச்சும் வரணும் இல்ல?"

25க்குத் தரமுடியும், ஆனால் குழம்பில் தண்ணீர் கூடும், கோழித்துண்டு சின்னதாகும் என்று அவரே சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லும் ஆள் கிடைப்பது அபூர்வம். பலர் 25க்குச் சரி என்று தலையாட்டிவிட்டுப் பிறகு அதைத்தான் செய்வார்கள்.

"வேற எது உங்களுக்குக் கஷ்டம்க்கா?" என்று கேட்டேன். பணம் வரும் நாள் என்றார். ஏஜென்டுகள் 45 நாள், 60 நாள் இழுக்கிறார்கள்; மளிகைக் கடைக்காரர் ஒரு வாரத்துக்கு மேல் பொறுக்கமாட்டார். நடுவில் வட்டிக்கு வாங்குகிறார். 14 நாளில் பணம் கொடுத்தால் 26.50க்கு, ரசம், பாயசம், இரண்டு அப்பளத்தோடு, கோழித்துண்டு குறையாமல் போடுவதாகச் சொன்னார். இதுதான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடம். எதிரில் இருப்பவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டால், ரேட் தானாக இறங்கிவருகிறது. அவரும் தேய்ந்துபோவதில்லை, இலையில் உட்கார்கிறவரும் ஏமாறுவதில்லை.

சுடச்சுட அவர் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்து கண்ணை மூடினேன். மாலை 5:40க்கு ஆபீசில் இருந்து அழைப்பு. நாளைக் காலை வந்திறங்கும் மதுரைக் குழுவுக்கு உறுதி செய்திருந்த ஹோட்டல், 9 அறைகள் இல்லை என்கிறது.

அது நான் பார்க்கப் போன ஹோட்டல் இல்லை, பழைய ஒப்பந்தத்தில் உள்ளது. நடந்தது இதுதான்: 15ஆம் தேதி இந்தியச் சுதந்திர தினம் வெள்ளிக்கிழமையில் விழுந்திருக்கிறது, தொடர் விடுமுறை, ஊர் முழுக்க நிரம்பிவிட்டது. எங்கள் ஒப்பந்த ரேட் 180. இணையத்தில் அதே அறை 340க்கு ஓடுகிறது. அளவுக்கு மேல் விற்றுவிட்டார்கள், கைவைக்க வேண்டிய நேரத்தில் மலிவான அறைகளில் முதலில் கைவைத்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் பெருநிலத்தில் ஒரு ஹோட்டலுக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். 34 பேர், பாதிக்கு மேல் அறுபது தாண்டியவர்கள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கத்தவில்லை. இந்த ஹோட்டலோடு நாளைக்கும் பேசவேண்டியிருக்கும். ஒப்பந்தத்தில், அறை இல்லையென்றால் அதே தரத்துக்குக் குறையாத இடம் ஹோட்டல் செலவில் என்ற வரி இருந்தது. அதைப் படமெடுத்து அனுப்பிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினேன்.

புக்கிட் மெர்தாஜாம் அக்காவை அழைத்தேன். ஒப்பந்தத்தில் கையெழுத்தே இன்னும் ஆகவில்லை. "மூணு ரூம் பழுது பாக்கறதுக்குன்னு மூடி வெச்சிருக்கேன். நாளைக்குத் திறந்து விடறேன். இன்னும் ஆறு எங்க தேடப்போற பாப்பா?"

லெபோ சூலியா பக்கம் பழைய கடைவீட்டை மாற்றிக் கட்டிய சின்ன ஹோட்டல் ஒன்று. தமிழ் முஸ்லிம் பெரியவர் நடத்துகிறார். எங்கள் கம்பெனிப் பெயரைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உங்கள் பாஸ் நலமா என்று கேட்டார். அப்புறம் கேட்காமலே சொன்னார்: 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது எங்கள் நிறுவனம் அவருக்கு 6,400 வெள்ளி பாக்கி. வேறு நான்கு ஏஜென்டுகளும் பாக்கி.

"யாரும் போன எடுக்கல மா. உங்க பாஸ் மட்டும் அவராவே கூப்பிட்டு, ஒரேடியா முடியாது அங்கிள், மூணு தவணையா அனுப்புறேன்னாரு. அனுப்பினாரு. அதுலதான் என் பையங்களுக்கு ரெண்டு மாசம் சம்பளம் குடுத்தேன்."

நான் அப்போது இந்த நிறுவனத்திலேயே இல்லை. பாஸும் இதை ஒருநாளும் சொன்னதில்லை. ஆறு அறை, 150 வெள்ளிக்கு. அன்று ராத்திரி அவர் அதை 260க்குக் கண்ணை மூடிக்கொண்டு விற்றிருக்கலாம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. பாயான் லெப்பாஸ், லெபோ குயின்

விமான நிலையத்தில் காலை முழுக்க ஓட்டம். கடைவீட்டு ஹோட்டலில் மின்தூக்கி கிடையாது, செங்குத்தான மரப்படி. ஆகவே முழங்கால் வலி உள்ளவர்களை அக்காவின் ஹோட்டலுக்கும் பழைய ஹோட்டலில் மிச்சம் இருந்த அறைகளுக்கும், இளையவர்களைப் படியேறும் இடத்துக்கும் பிரித்து, பட்டியலை பஸ்ஸிலேயே மாற்றி எழுதினேன். ஒரு மாமா மட்டும் 'பணம் கட்டிய ஹோட்டல் எங்கே' என்று குரலை உயர்த்தினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "சரிம்மா, நீ முதல்ல எதாவது சாப்பிட்டியா?" என்று கேட்டார். பிறகு அவர் மனைவி பையில் இருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தார். மதுரையில் இருந்து கட்டிக்கொண்டு வந்தது.

கடைசி ஆடி வெள்ளி. குழுவில் உள்ள பெண்கள் அம்மன் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார்கள், நிகழ்ச்சி நிரலில் அது இல்லை. பஸ் டிரைவரிடம் கேட்டேன், தாராளமாக என்று திருப்பினார். லெபோ குயினில் கால் வைக்க இடமில்லை. வேப்பிலையும் எலுமிச்சையும் மணக்க, வரிசை தெருவரை நின்றது. உள்ளூர்ப் பெண்கள் இருவர் இவர்களை வெளியூர் என்று கண்டுகொண்டு, வயதானவர்களை முன்னால் விட்டார்கள்.

மாலைக்குள், அறை இல்லை என்று சொன்ன ஹோட்டலோடு இரண்டு மூன்று முறை பேசினேன். மாற்று இடத்துக்கான செலவை ஏற்றுக்கொள்வதாகக் கடைசியில் மின்னஞ்சல் வந்தது. அடுத்த வருட ஒப்பந்தத்தில் அவர்களை வைப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வைத்தால், விடுமுறை நாட்களுக்கு ரேட்டைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, அறையை அசைக்கக்கூடாது என்று எழுதி வாங்கவேண்டும். 180க்கும் 340க்கும் நடுவில் அவ்வளவு இடைவெளியை விட்டுவைத்தால் யாருக்கும் ஆசை வரும்.

ஆகஸ்ட் 16, சனி. கோலாலம்பூர் திரும்பும் ரயிலில்

ஈப்போ தாண்டும்வரை கணக்குப் போட்டுச் சென்னை ஏஜென்டுக்குப் புது ரேட் அனுப்பினேன். கோலாலம்பூர் சென்ட்ரல் வருவதற்குள் பதில். இன்னொரு நிறுவனத்தைவிட ஆளுக்கு 38 வெள்ளி கூடுதல் என்கிறார். எங்கே கூடியிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன்: பஸ், டிரைவர் அறை, சாப்பாடு. சாமான் அறையில் பார்த்ததையும் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. தீபாவளிக் குழுவை உறுதி செய்தார். டிசம்பர் குழுக்களுக்கு மலிவு பஸ் போடமுடியுமா என்று மறுபடியும் கேட்டார். முடியாது என்றேன். பாஸிடம் சொன்னபோது, "டிசம்பர் போனா போகட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பிறை மாமாவுக்கு அக்டோபர் பஸ் உறுதி என்று புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பியாயிற்று. சாப்பாட்டுக் கடை அக்காவின் 14 நாளுக்குத்தான் எங்கள் கணக்குப் பிரிவு இன்னும் தலையாட்டவில்லை. 30 நாள் என்கிறார்கள். திங்கட்கிழமை முதல் வேலை அவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான்.